பழைய கப்பல், பெரிய காற்று: தம்பியை அனுப்பலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 23 வயது. கடலோடிகளுக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டான். கொழும்பில் ஒரு ஏஜென்ட், 27 வருடப் பழைய சரக்குக் கப்பலில் ஓஎஸ் (டெக்கில் கீழ்நிலை மாலுமி) வேலை இருக்கிறது, இரண்டு வாரத்தில் ஏறவேண்டும் என்கிறாராம். அம்மாவோ அலை கப்பலையே மூடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு சோறு தண்ணி இல்லாமல் இருக்கிறார். புயலில் பழைய கப்பல் உடைந்துவிடுமா, அனுப்பலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

நான் பண்டாரவளைப் பக்கம். ஓஎஸ்ஸாக ஏறி, 21 வருடம் கழித்துப் போசனாக, அதாவது டெக் மாலுமிகளின் தலைவனாக, இறங்கியவன். எங்கள் மலையில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது, வானம் தெளிந்த நாளில் ஹப்புத்தளை முகட்டில் நின்றால் தெற்கே தெரிகிற ஒரு வெள்ளிக் கோடு. அந்தக் கோட்டின் மேலே தேவேந்திரமுனையைச் சுற்றிப் போகிற கப்பல்களில் எது நல்லது எது கெட்டது என்று இங்கிருந்து தெரியாது. பக்கத்தில் போய் நின்றாலும் சில நேரம் தெரியாது. புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உடையுமா என்றால், உடையும். 1975இல் கட்டிய எரிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் 1999 டிசம்பரில் பிஸ்கே விரிகுடாப் புயலில் இரண்டு துண்டானது. அதிலிருந்த 26 பேரும் ஹெலிகொப்டரில் மீட்கப்பட்டார்கள். ஆனால் வீடியோவில் பயமுறுத்துகிற அந்தப் பெரிய அலை மட்டும் வந்து கப்பலைக் கவிழ்ப்பது அபூர்வம். நான் பார்த்த வரைக்கும் புயல் செய்கிற வேலை ஒன்றுதான்: நல்ல வெயில் நாட்களில் செய்யாமல் விட்ட வேலைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் கூரைத் தகரம் காற்றடிக்கிற அன்றைக்கா இற்றுப்போகிறது? ஆணி துருப்பிடித்து ஐந்து வருடம் ஆகியிருக்கும். யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு இரவைச் சொல்கிறேன். ஜூலை மாதம், அரபிக் கடல், தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில். தென்னாபிரிக்காவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போகிறோம். கப்பலுக்கு 26 வயது. ஐந்து ஹோல்ட் (சரக்குக் கிடங்கு), 22 பேர். நான் அப்போது ஏபி, ஓஎஸ்ஸுக்கு அடுத்த படி. இரவு பன்னிரண்டு தாண்டி பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் நிற்கும்போது ஒன்றாம் நம்பர் ஹோல்டின் தண்ணீர் எச்சரிக்கை மணி அடித்தது. சென்சரில் கோளாறாக இருக்கும் என்று செகண்ட் ஒபிசர் முதலில் அதை நிறுத்தினார். மறுபடி அடித்தது. ஒன்றாம் நம்பர் ஹோல்ட் கப்பலின் மூக்குப் பக்கம். அங்கே போய்ப் பார்க்க வேண்டுமானால் டெக்கில் 150 மீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். அந்த டெக்கிலோ அலை ஏறி, இடுப்பளவு தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. போனவன் திரும்பமாட்டான். கேப்டன் எழுந்து வந்து ஒரு நிமிடம் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், அலைக்கு முகம் கொடுத்துக் கப்பலைத் திருப்பினார். பம்ப் போட்டால் தண்ணீர் இழுக்கவில்லை. நிலக்கரித் தூள் உறிஞ்சும் வாயை அடைத்துவிட்டது. மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாமல், களைத்த மாடு மாதிரி, ஒரு மூச்சு தாமதித்து எழும்பியது. அந்தத் தாமதத்தை நான் காலில்தான் உணர்ந்தேன்.

இரண்டு நாள் அப்படியே மெதுவாக நகர்ந்து, காற்று தணிந்ததும் கரை சேர்ந்தோம். ஹட்ச் கவரை, அதாவது ஹோல்டின் இரும்பு மூடியைத் திறந்து பார்த்தால், ஓரத்து ரப்பர் கல் மாதிரி இறுகிப் போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. அந்த ரப்பரை மாற்றவேண்டும் என்று போசன் நான்கு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். கொம்பனி அனுப்பியது ஒட்டும் டேப். ஓட்டைத் தகரத்துக்குத் தார் பூசுவது போல அதைச் சுற்றி ஒட்டிவிட்டுத்தான் நாங்கள் புறப்பட்டிருந்தோம். ரப்பர் வந்திருந்தால் அந்த இரவு எங்களுக்கு வெறும் மோசமான கடல். அவ்வளவுதான்.

இந்த ஹட்ச் கவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் மொத்தச் சரக்குக் கப்பலில், அதாவது நிலக்கரி, தாது போன்றவற்றை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பலில், உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு ஹோல்டின் மூடி ஒரு லயத்தின் கூரையை விடப் பெரிது. அதன் மேல் அலை விழுந்தால் கூரை மேல் பாறை விழுவது போல. 1983 பெப்ரவரியில் மரீன் எலக்ட்ரிக் என்ற கப்பல் அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் நிலக்கரியோடு மூழ்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்க் கப்பலை வெட்டி, நீட்டி, மாற்றிக் கட்டியது. மூடிகள் துருத் தின்று பொத்தல் விழுந்து, ஒட்டுப் போட்டிருந்தார்கள். 34 பேரில் 31 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குளிரில். குளிரைத் தாங்கும் இம்மர்ஷன் உடை கப்பலில் கட்டாயம் என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

டெர்பிஷயர் என்ற கப்பலின் கதை வேறு மாதிரி. 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே ஓர்கிட் என்ற சூறாவளியில், இரும்புத் தாதோடு, 44 பேரோடு காணாமல் போனது. ஓர் ஆபத்துச் செய்தி கூட வரவில்லை. கட்டி நான்கே வருடம். 1994இல் கடலடியில் கண்டுபிடித்து ஆராய்ந்தபோது தெரிந்தது: மூக்குப் பக்கத்துக் காற்றுக் குழாய்களும் வென்டிலேட்டர்களும் அலையில் பிய்ந்து, அந்த ஓட்டைகள் வழியே முன்னறையில் தண்ணீர் சேர்ந்து, மூக்குத் தாழ்ந்து, பிறகு முதல் ஹட்ச் கவர் அலைப் பாரத்தில் உள்ளே நொறுங்கியிருக்கிறது. அவ்வளவு பெரிய கப்பலுக்கு எமன் சாதாரணக் குழாய் வழியாக வந்தான்.

இதை வாசித்த பிறகு எந்தக் கப்பலில் ஏறினாலும் நான் முதலில் மூக்குப் பக்கத்துக் குழாய்களைத் தட்டிப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு பழைய கப்பலில் அப்படித் துரு தட்டும் சிப்பிங் சுத்தியலால் ஒரு காற்றுக் குழாயின் அடியில் லேசாகத் தட்டினேன். ணங் என்று வரவேண்டிய சத்தம் பொத் என்று வந்தது. இரண்டாவது தட்டில் சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. பெயின்டை உரித்துப் பார்த்தால், உள்ளே இரும்பு என்று எதுவும் இல்லை, பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகத் துரு. பெயின்ட்தான் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தக் கப்பல் போன மாதம்தான் ஒரு பரிசோதனையில் தேறியிருந்தது.

அடுத்தது எஞ்சின். புயலில் எஞ்சின் நின்றால் கப்பல் தானாக அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு அலையும் விலாவில்தான். பழைய கப்பலில் இது ஏன் அதிகம் நடக்கிறது? எண்ணெய்த் தொட்டியின் அடியில் வருடக் கணக்காகப் படிந்த கசடு சாதாரண நாளில் அசையாமல் கிடக்கும். கப்பல் ஆடத் தொடங்கினால் கலங்கி மேலே வரும், வடிகட்டியை அடைக்கும், எஞ்சின் மூச்சுத் திணறும். மிகவும் தேவையான நேரத்தில் பார்த்துத்தான் நிற்கும். 2020 செப்டம்பரில் கல்ஃப் லைவ்ஸ்டொக் 1 என்ற கால்நடைக் கப்பல் கிட்டத்தட்ட 6,000 மாடுகளோடு கிழக்குச் சீனக் கடலில் மைசாக் சூறாவளிக்குள் எஞ்சின் நின்று மூழ்கியது. 43 பேரில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள்.

எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பலின் கதையை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் படிக்கவேண்டும். 2015 அக்டோபர் 1, பஹாமஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், ஹொவாகின் என்ற சூறாவளி. கப்பலுக்கு 40 வயது. 33 பேரில் ஒருவர் கூட மிஞ்சவில்லை. அதன் பிரிட்ஜில் பேசிய பேச்சு ஏறக்குறைய 26 மணி நேரம் பதிவாகி, அடுத்த வருடம் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டது. கேப்டன் நம்பியிருந்த வானிலைத் தகவல் பல மணி நேரம் பழசு. இளைய அதிகாரிகள் வேறு வழியாகப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், கேப்டன் போக்கை மாற்றவில்லை. திறந்திருந்த ஒரு சிறு மூடி வழியாக ஹோல்டுக்குள் தண்ணீர் போனது, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்ததால் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் எட்டவில்லை, எஞ்சின் நின்றது. உயிர்காப்புப் படகுகளோ கூரை இல்லாத பழைய காலத்துப் படகுகள். கப்பல் பழசு என்பதால் பழைய விதிப்படி அவை அனுமதிக்கப்பட்டிருந்தன! வயதான கப்பலின் உண்மையான குணம் இதுதான். தகடு மட்டும் பழசாக இருக்காது, அதற்குப் பொருந்துகிற சட்டமும் பழசாக இருக்கும். 2006 ஜூலைக்குப் பிறகு கட்டிய மொத்தச் சரக்குக் கப்பல்களில் பின்பக்கமிருந்து சறுக்கி விழும் மூடிய படகு கட்டாயம். உங்கள் தம்பியின் 27 வருடக் கப்பலில் பெரும்பாலும் பக்கவாட்டில் கயிற்றில் இறக்கும் படகாக இருக்கும். கப்பல் நன்றாகச் சாய்ந்துவிட்டால் அதை இறக்குவது பெரும்பாடு.

சரக்கைப் பற்றியும் சொல்லவேண்டும், இது மலைநாட்டு ஆட்களுக்கு மற்றவர்களை விடச் சீக்கிரம் விளங்கும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை எப்படி வந்து லயங்களை மூடியது என்று நமக்குத் தெரியும். 2025 நவம்பரில் டித்வா மழையில் மறுபடியும் பார்த்தோம். நேற்று வரை கல் மாதிரி நின்ற மண், உள்ளே தண்ணீர் நிறைந்ததும் கஞ்சியாகி நடக்கத் தொடங்குகிறது. கப்பலின் ஹோல்டுக்குள் அதே விஷயம் நடக்கும். நிக்கல் தாது, பொக்சைட், ஈரமான இரும்புத் தாதுத் தூள் எல்லாம் ஏற்றும்போது காய்ந்த மண் மாதிரிதான் தெரியும். கடல் ஆட்டி ஆட்டி, எஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து, உள்ளே இருக்கும் ஈரம் மேலே வந்து மொத்தக் குவியலும் குழம்பாகிவிடும். கப்பல் சாயும்போது குழம்பும் அந்தப் பக்கம் ஓடும். நிமிரும்போது திரும்பி வராது.

2015 ஜனவரி 2இல் பல்க் ஜூபிட்டர் என்ற கப்பல் இப்படித்தான் வியட்நாமுக்கு அப்பால் கவிழ்ந்ததாகக் கருதப்படுகிறது. மலேசியாவின் குவாந்தானில் கனமழைக் காலத்தில் ஏற்றிய 46,400 தொன் பொக்சைட். 19 பேரில் சமையற்காரர் ஒருவர் மட்டும் தப்பினார். 2017 அக்டோபரில் எமரல்ட் ஸ்டார் என்ற கப்பல் நிக்கல் தாதோடு மூழ்கியபோது 26 இந்தியக் கடலோடிகளில் 10 பேர் கிடைக்கவேயில்லை. இரண்டுமே வயசான கப்பல் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுமுன் ஒரு எளிய சோதனை உண்டு: ஒரு தகரக் குவளையில் பாதிக்குத் தாதை எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் இருபத்தைந்து தடவை குத்தவேண்டும். மேலே தண்ணீர் பளபளத்தால் ஏற்றக்கூடாது. உங்கள் தம்பி ஓஎஸ் என்பதால் அவனை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் கண் இருக்கிறதே. மழையில் நனைந்த தாது கன்வேயரில் வருவதைப் பார்த்தால் சீஃப் ஒபிசரிடம் சொல்லட்டும்.

கப்பல் மூழ்குவது பெரிய செய்தி. ஆனால் புயலில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் செய்தியில் வராத விதங்களில். அலை டெக்கில் ஏறி ஆளைத் தூக்கி வின்ச்சில் அடிக்கும். அவிழ்ந்த டிரம் ஒன்று ஆடும் அறையில் காலை நசுக்கும். கப்பல் சமையலறையில் கொதிக்கும் பானை கவிழும். மூன்று நாள் தூக்கமில்லாதவன் படியில் கால் தவறுவான். படுக்கையில் உருளாமல் இருக்க லைஃப் ஜக்கெட்டை மெத்தையின் ஓரத்துக்கு அடியில் செருகி, சுவரோடு ஒட்டிப் படுக்கவேண்டும். இதைப் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள், நான் சொல்கிறேன். வாந்தியைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால், றம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுக்காதவன் கடலில் எடுக்கமாட்டான் என்று நானும் நம்பித்தான் போனேன். முதல் வாரம் முழுக்க வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

காற்று அடங்கிய பிறகு இன்னொன்று காத்திருக்கும். எங்கே தண்ணீர் போனது என்று பார்க்கத் தொட்டிக்குள்ளோ நங்கூரச் சங்கிலி அறைக்குள்ளோ இறங்கச் சொல்வார்கள். மூடிக் கிடக்கும் இரும்பு அறையில் துருப்பிடிப்பதே காற்றிலிருக்கும் ஒக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றம் இருக்காது, அறிகுறி இருக்காது, ஏணியில் பாதி இறங்குவதற்குள் ஆள் விழுந்துவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். மீட்டர் வைத்து அளக்காமல், பேர்மிட் எழுதாமல், யார் சொன்னாலும் இறங்கக்கூடாது. புயலுக்குப் பயப்படுகிற அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம், தம்பியிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

இனி, போகலாமா வேண்டாமா. வயதை மட்டும் வைத்து நான் பதில் சொல்லமாட்டேன். 30 வயதுக் கப்பலில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், 9 வயதுக் கப்பலில் தூங்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் 25 தாண்டிய கப்பலை யார், எதற்காக வாங்குகிறார்கள் என்று யோசிக்கவேண்டும். அலங்கிலோ சிட்டகொங்கிலோ உடைக்கப் போகுமுன் இரண்டு மூன்று வருடம் ஓட்டி எடுத்துவிடலாம் என்று வாங்குகிற கொம்பனிகள் உண்டு. அவர்கள் ரப்பர் வாங்கமாட்டார்கள்.

அதனால் ஏஜென்டிடம் முதலில் கேட்கவேண்டியது கப்பலின் ஐஎம்ஓ இலக்கம். ஏழு இலக்கம், கப்பலின் பெயர் மாறினாலும் கொடி (பதிவு செய்த நாடு) மாறினாலும் இது மாறாது. அதை எக்குவாசிஸ் என்ற இலவச இணையத்தளத்தில் போட்டால் கட்டிய வருடம், உரிமையாளர், எந்த வகைப்படுத்தல் நிறுவனத்தின் (கப்பலின் உறுதியைச் சோதித்துச் சான்று தருகிறவர்கள்) கீழ் இருக்கிறது, துறைமுகப் பரிசோதனைகளில் எத்தனை தடவை தடுத்து வைக்கப்பட்டது எல்லாம் வரும். கடந்த மூன்று வருடத்தில் தடுத்து வைத்த காரணங்களில் ஹட்ச் கவர், தீயணைப்புப் பம்ப், உயிர்காப்புப் படகு என்று திரும்பத் திரும்ப வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெயரும் கொடியும் அடிக்கடி மாறியிருந்தாலும், லொயிட்ஸ், டிஎன்வி, நிப்பொன் கைஜி, இந்தியன் ரெஜிஸ்டர் போன்ற அறிந்த நிறுவனத்திலிருந்து கேள்விப்படாத ஒன்றுக்குப் போயிருந்தாலும் அதே பதில்தான். இலக்கத்தைத் தர ஏஜென்ட் இழுத்தடித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

வேலைக்குச் சேர்க்க அவர் பணம் கேட்டாரா? கடலோடிகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி, மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம் ஆகியவற்றின் செலவைத் தவிர வேறு எதையும் கடலோடியிடம் வாங்கக்கூடாது. இலங்கையும் அதை ஏற்ற நாடு. நாள் சம்பளம் 1,000 ரூபாய்க்கே வருடக் கணக்கில் போராடிய ஊர்களிலிருந்து, தாலியை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். கடன் வாங்கிக்கொண்டு ஏறியவன் ஹட்ச் கவரில் ரப்பர் இல்லை என்று வாய் திறக்கமாட்டான். கடனோடு ஏறாதிருப்பதும் ஒரு பாதுகாப்புதான். ஏஜென்டுக்கு உரிமம் இருக்கிறதா என்பதைக் கொழும்பில் வணிகக் கப்பற்றுறை அலுவலகத்தில் கேட்கலாம். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, கப்பலின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கொழும்புக்குப் பஸ் ஏறவேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்து போகிறான் என்றால், முதல் நாள் அவன் செய்யவேண்டியது: பெட்டியை வைத்ததும், அறையிலிருந்து படகு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கவேண்டும். விளக்கு அணைந்து, தளம் சாய்ந்திருக்கும்போது அந்த வழிதான் வேண்டும். இம்மர்ஷன் உடை தன் அளவுதானா, ஜிப் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கவேண்டும். தலைமாட்டில் டோர்ச். புயல் வருகிறது என்று சொன்னால் டெக்கில் எல்லா மூடியும் இறுக்கியாயிற்றா என்று போசனோடு போய்த் தொட்டுப் பார்க்கவேண்டும், தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டக் கூடாது. போக்கை மாற்றுவதும் ஒதுங்கி நிற்பதும் கேப்டனின் முடிவு. உயிர் விஷயத்தில் கொம்பனியோ வாடகைக்கு எடுத்தவரோ அவரைத் தடுக்கக்கூடாது என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. நடைமுறையில் கரையிலிருந்து மணிக்கொரு செய்தி வரும், எப்போது வருவாய் என்று. அதைத் தாங்குகிற கேப்டன் கிடைப்பது அதிர்ஷ்டம், எனக்குப் பெரும்பாலும் கிடைத்தது.

அம்மாவிடம் சொல்ல ஒன்று. 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல், தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நம் ஆட்களோடு கடலில் போனது. எங்கள் அப்பாயி அதைச் சொல்லித்தான் நான் முதல் தடவை புறப்படும்போது வாசலை மறித்தார். அந்தக் காலத்தில் ஏறியவர்களுக்குக் கப்பலைப் பற்றிக் கேட்க வழியே இல்லை. உங்கள் தம்பிக்கு இருக்கிறது. ஐஎம்ஓ இலக்கத்தை வாங்கி எழுதுங்கள், தங்கச்சி. நானே பார்த்துச் சொல்கிறேன். இங்கே இரண்டு நாளாக மழை, சிக்னல் வந்து வந்து போகிறது, பதில் ஒரு நாள் பிந்தினால் கோபிக்கவேண்டாம். அதுவரை ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.